மிதந்து வந்த கோரை

ஜூன் 4
சதுப்பு நிலத்துக் குடிசை

லேப் மகாராணிக்கு,

சில்வண்டு பத்திரமாக வந்து சேர்ந்தாள். படகிலிருந்து இறங்கும்போதே, "அம்மா என்னை மூட்டை மாதிரி கட்டி அனுப்பிட்டாங்கப்பா, மூச்சே விட முடியல" என்று புகார். அதற்குப் பிறகு இதை எழுதும் இந்த நேரம் வரை வாய் மூடவில்லை. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று நம் இருவருக்கும் தகராறு உண்டு. நான்தான் வைத்தேன். இப்போது அதன் பலனை அனுபவிக்கிறேன்.

அவளுடைய பெட்டியைத் திறந்தேன். மருந்து, சோப்பு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அடியில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கண்ட புல்லையும் குழந்தைக்குத் தின்னக் கொடுக்க வேண்டாம்.' நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. அதற்குத்தான் இந்தப் பதில்.

நீ புல் என்கிறாயே, அதன் பெயர் சம்பங்கோரை. தண்ணீர் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நின்று, உச்சியில் பழுப்பாகச் சுருட்டு மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே சாமான் படகு மழைக்காலத்தில் தன் இஷ்டத்துக்கு வரும். மாவு தீர்ந்த நாளில் என்னைக் காப்பாற்றியது எனக்குச் சம்பளம் தரும் நீர்வளத் துறை இல்லை, இந்தக் கோரைதான். இளந்தண்டின் மட்டையை உரித்தால் உள்ளே வெள்ளையாகக் குருத்து, வெள்ளரிக்காய் மாதிரி கடிக்கலாம். பச்சைப் பூந்தண்டை வேகவைத்து உப்புப் போட்டுத் தின்னலாம். மகரந்தத்தைப் பையில் உதிர்த்தால் மஞ்சள் மாவு. வேரை நசுக்கித் தண்ணீரில் கரைத்து வைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். முற்றிய பஞ்சு தலையணைக்கு ஆகும், ஈரக்காற்றிலும் நெருப்புப் பிடிக்கும். அதே போல் இலையுள்ள நச்சுச் செடி ஒன்று உண்டு. அதனால் போன வருடத்துச் சுருட்டு உச்சியில் நிற்காத புதரில் கை வைக்காதே என்று சில்வண்டுக்கு முதல் பாடம் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தபோது யாரைப் பார்த்தாலும் எனக்குத் திருடனாகத் தெரிந்தது. இங்கே காலையும் மாலையும் அளவுகோலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். தண்ணீர் பொய் சொல்வதில்லை. போன வருடம், 'குழந்தைக்கு ஜுரம், கண் திறக்கவில்லை' என்று நீ எழுதினாய். புயலில் துடுப்புப் போட்டு வந்தேன். அவள் முற்றத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். நீ வாசலில் நின்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

மழைக்கால விடுமுறை முடியும்வரை இவள் என்னோடு இருப்பாள். கவலை வேண்டாம்.

அவளுடைய அப்பா


ஜூன் 9
கம்பெனி குடியிருப்பு

சில்வண்டு அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கவில்லை என்று குறை. சரி, நலமா? கேட்டாயிற்று.

இங்கே வீடு வீடாக இல்லை. வேலை முடிந்து வந்தால் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அவள் இருக்கும்போது 'கொஞ்சம் வாயை மூடு' என்று ஆயிரம் தடவை சொன்ன வாய்தான் இது. இப்போது பக்கத்து வீட்டு நர்ஸம்மாவின் வானொலிப் பெட்டிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கோரைப் புராணத்தைப் படித்தேன். எனக்கே பாடமா? கொல்லன் தெருவில் ஊசி விற்க வருகிறீர்கள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற எங்கள் கம்பெனியில் கழிவுத் தண்ணீர்க் குளம் ஒன்று இருக்கிறதே, அதில் நட்டிருப்பதும் சம்பங்கோரைதான். நட வேண்டும் என்று லேபிலிருந்து திட்டம் எழுதிக் கொடுத்ததே நான்தான். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. தண்ணீரில் எது இருந்தாலும் உறிஞ்சி வேரில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் எங்களுக்கு அது துடைப்பம். அந்தக் குளத்து வேரை மாடுகூடத் தின்றுவிடக் கூடாது என்று சுற்றிலும் வேலி போட்டிருக்கிறோம். நீங்கள் அதே செடியைத் தட்டில் வைத்துக் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள். உங்கள் தண்ணீர் சுத்தமானதாகவே இருக்கட்டும். எனக்கு அந்தச் செடியைப் பார்த்தாலே நாக்கில் உலோகம் தட்டும்.

அந்தச் சிரிப்பைப் பற்றி இதுவரை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய் எழுதியது தப்புதான். ஆனால் நான் உங்களை ஏமாளி என்று நினைத்துச் சிரிக்கவில்லை. முழங்கால்வரை சேற்றோடு நீங்கள் வந்து நின்றீர்கள். வந்துவிட்டாரே என்று சிரித்தேன். அவ்வளவுதான். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனீர்கள்.

அவளுக்கு ராத்திரி காது வலித்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், துணியைச் சூடுபண்ணி வையுங்கள்.

லேப் மகாராணி இல்லை, வெறும் லேப்


ஜூன் 21
சதுப்பு நிலத்துக் குடிசை

வெறும் லேபுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிரித்த காரணத்தை அன்றைக்கே வாசலில் சொல்லியிருக்கலாம். நானும் நின்று கேட்டிருக்கலாம். சொல்லாதவள் ஒருத்தி, கேட்காதவன் ஒருவன், நல்ல ஜோடி.

இங்கே விடாத மழை. அளவுகோலில் சிவப்புக் கோட்டுக்கு மேலே தண்ணீர் போய்விட்டது. சாமான் படகு வரவில்லை. தபால் கொண்டுவரும் சின்னப் படகு மட்டும் எப்படியோ வந்து போகிறது. அதில் மூட்டை ஏற்ற இடமில்லை. மாவு டப்பாவின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் தனியாக இருந்தால் வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொள்வேன். குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாங்கள் கோரை எடுக்கிற ஓடை குடிசைக்குப் பின்னால் தொலைவில் இருக்கிறது. இந்தச் சுழலில் படகை அங்கே கொண்டுபோகப் பயம்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, மூன்று நாளைக்கு முன் காலையில் பார்த்தால் எங்கள் படித்துறையில் ஒரு தீவு வந்து நிற்கிறது. மேலே ஆற்றிலிருந்து பெயர்ந்து வந்த கோரைப் படுகை. வேரும் வேரும் பின்னிப் பாய் மாதிரி மிதக்கிறது, மேலே ஏறி நின்றால் தாங்குகிறது. சில்வண்டு அதன்மேல் குதித்துக் குதித்துக் காட்டினாள். வேர் ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடக் கொழுத்திருக்கிறது. இந்தச் சதுப்பில் இப்படி ஒரு வேரை நான் பார்த்ததில்லை. உட்கார்ந்த இடத்தில் கையை நீட்டிப் பிடுங்குகிறோம், நசுக்குகிறோம், மாவு எடுத்து ரொட்டி சுடுகிறோம். "அப்பா, இது மட்டும் இல்லேன்னா நாம என்ன பண்ணியிருப்போம்?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். என்னிடமிருந்து பதில் வாங்குவதற்கு இல்லை, தான் பிடுங்கிய பெருமைக்கு.

வேருக்குள் சில கறுப்புப் பெட்டிகள் சிக்கியிருந்தன, உள்ளே அறை அறையாகத் தடுத்தவை. ஒன்றை அடுப்புக்குக் காற்று மறைப்பாக வைத்திருக்கிறேன். இன்னொன்றில் அவள் தவளை வளர்க்கிறாள்.

மழை விட்டதும் நீயும் இரண்டு நாள் விடுப்புப் போட்டு வாயேன். ரொட்டி சுட்டுத் தருகிறேன். திட்டிக்கொண்டே தின்னலாம்.

அவளுடைய அப்பா


ஜூன் 25
கம்பெனி குடியிருப்பு

சில்வண்டு அப்பாவுக்கு,

அந்த மிதவையிலிருந்து இனி எதையும் தின்ன வேண்டாம். வேர், தண்டு, மாவு, எதுவும். எடுத்து வைத்த மாவைக் குழி தோண்டிப் புதையுங்கள். அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இதைப் படித்த கையோடு செய்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

அது எங்கள் குளம். மழையில் கரை உடைந்துவிட்டது. நான் நட்டு வளர்த்த படுகை அப்படியே பெயர்ந்து ஆற்றில் போய்விட்டது. எங்கே போய் ஒதுங்கியதோ என்று தெரியாமல் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. கறுப்புப் பெட்டி என்று எழுதியிருக்கிறீர்களே, அது பேட்டரிக் கூடு. ஆரம்பத்தில் தொட்டி வாங்கித் தரமாட்டோம் என்றதால் உடைந்த கூட்டில் மண் போட்டுத்தான் நட்டோம். அதில் தவளை வளர்க்கிறாள் என்று படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வேர் கொழுத்திருக்கிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள். அது தின்றது ஈயம். பெரியவர்கள் உடம்பு கொஞ்சம் தாங்கும். குழந்தைக்கு அது மூளைக்குப் போகும். நன்றாகப் பேசுகிற குழந்தை பேச்சை மறக்கும். நான் மிகைப்படுத்தவில்லை.

மேலாளர், "மழைத் தண்ணி கொஞ்சம் வழிஞ்சுது, அவ்வளவுதாம்மா. இதைப் போய்ப் பெருசு பண்ணாதீங்க" என்கிறார். அவர் சொல்வதை விடுங்கள். அவளை இந்தப் படகிலேயே திருப்பி அனுப்புங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க வேண்டும். படகுக்காரரிடம் வாயாலும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து, தயவுசெய்து.

அவள் அம்மா


ஜூன் 28
சதுப்பு நிலத்துக் குடிசை

லேப் மகாராணிக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். 'புலி வருது, புலி வருது' என்று கத்துகிறவளுக்குப் புலி வருவதைவிட, கேட்டவன் ஓடி வருவதைப் பார்ப்பதில்தான் ருசி. போன வருடம் ஜுரம். இந்த வருடம் ஈயம். அடுத்த வருடம் என்ன வைத்திருக்கிறாய்?

படகுக்காரரைக் கேட்டேன். "அம்மா வரலீங்க. ஒரு நர்ஸம்மாதான் துறைக்கு வந்து கவரைக் குடுத்துட்டு, பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்கன்னு அழுதாங்க" என்றார். போன தடவை வீட்டு வாசலில் மருந்து பாட்டில் வைத்திருந்தாய். இந்தத் தடவை நர்ஸையே பிடித்துவிட்டாய். நாடகத்தில் முன்னேற்றம் தெரிகிறது.

பெட்டி பேட்டரிக் கூடாக இருக்கலாம். ஆற்றில் என்னதான் வரவில்லை? போன மாதம் ஒரு நாற்காலி வந்தது, அதனால் மேலே யாரோ உட்கார இடமில்லாமல் நிற்கிறார்கள் என்று அர்த்தமா? உங்கள் குளத்தில் இருக்கும் கோரை உனக்கு விஷம். அதனால் ஆற்றில் வரும் கோரையெல்லாம் விஷம். உன்னுடைய குளம்தான் உனக்கு உலகம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது மெய்யாக இருந்தால் நீ கடிதமா எழுதிக்கொண்டிருப்பாய்? நீயே வந்து நின்றிருப்பாய். என்னைத் தள்ளிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். உன் வீட்டிலிருந்து படகுத்துறைக்கு நடக்கிற தூரம்தான். வராததிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

விடுமுறை முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை அவளை அனுப்புவதாக இல்லை. இன்றைக்கும் அந்த மிதவையின் வேரில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே இருந்தது.

அவளுடைய அப்பா


ஜூலை 1
கம்பெனி குடியிருப்பு, மாடி வீடு

சில்வண்டு அப்பாவுக்கு,

நான் வராததற்குக் காரணம், என்னால் இரண்டாவது மாடியிலிருந்து இறங்க முடியாது. இடது கால் தொடைவரை மாவுக்கட்டு.

கரை உடைந்த அன்று விடிந்ததும் குளத்தைப் பார்க்கப் போனேன். நான் நின்றிருந்த இடமும் சேர்ந்து சரிந்தது. மதகுக் கல்லில் கால் மாட்டிக்கொண்டது. லோடு ஏற்றுகிறவர்கள் ஓடிவந்து இழுத்தார்கள். சேற்றில் கிடந்தபடியே என் கோரைப் படுகை மொத்தமும் திரும்பி, மெதுவாக ஆற்றுக்குள் போவதைப் பார்த்தேன். கத்திக்கூடப் பார்த்தேன், செடியைக் கூப்பிடுகிற பைத்தியம் மாதிரி.

ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று கேட்பீர்கள். கால் உடைந்துவிட்டது என்று எழுதினால் அதையும் நாடகம் என்பீர்களே என்று பயந்தேன். இரண்டையும் சேர்த்து எழுதினால் இரண்டையுமே நம்ப மாட்டீர்கள். காலை விட்டுவிட்டு ஈயத்தை மட்டும் எழுதினால் அதையாவது நம்புவீர்கள் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு இப்படித்தான் எப்போதும். துறைக்கு வந்து அழுதது பக்கத்து வீட்டு நர்ஸம்மா. நான் பிடித்த நர்ஸ் இல்லை, அவரும் ஒரு தாய். என்னைத் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோவதும் அவர்தான். இந்தக் கடிதத்தின் கீழே அவரையும் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

மேலாளர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். "கால் சரியாகற வரைக்கும் குவார்ட்டர்ஸ்ல நிம்மதியா இருங்கம்மா. யாருக்கும் கடுதாசி எழுதி மனசைக் குழப்பிக்காதீங்க" என்றார். பழத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் படி இறங்கியதும் சுகாதார அலுவலகத்துக்கும் உங்கள் நீர்வளத் துறைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். துறைக்குப் போகிற தெரு தெரிகிறது. யாராவது குழந்தையைக் கையில் பிடித்து வந்தால் எட்டிப் பார்க்கிறேன், விழுந்துவிடுவேன் என்று நர்ஸம்மா கத்துகிறார். இந்த மாவுக்கட்டை நானே அறுத்தெறிந்துவிட்டு நொண்டிக்கொண்டு வரலாமா என்றுகூட நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டார்.

என்னை நம்பாதீர்கள். நீங்கள் நம்ப வேண்டும் என்று இனி கேட்கவில்லை. நம்பாமலே அவளை அனுப்புங்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் ஆயுசுக்கும் என்னைப் பொய்க்காரி என்று கூப்பிடுங்கள், காது கொடுக்கிறேன்.

அவள் அம்மா

(பக்கத்து வீட்டு நர்ஸ் எழுதுவது: அம்மா சொல்வது எல்லாம் உண்மை. நானே பார்த்தேன்.)


ஜூலை 5
சதுப்பு நிலத்துக் குடிசை

உனக்கு,

கையெழுத்து ஆடுகிறது, பொறுத்துக்கொண்டு படி.

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். குழந்தை இப்போது அதைத் தின்பதில்லை. உன் எச்சரிக்கைக் கடிதம் வந்த அன்றைக்கே நிறுத்திவிட்டேன். தவளையை ஆற்றில் விட்டுப் பெட்டிகளைப் புதைத்தேன். அழுதாள், சமாதானம் செய்தேன். அதற்கு முன் ஒரு வாரம் தின்றிருக்கிறாள். அதன்பிறகு படகுக்காரர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவும், சுழல் குறைந்ததும் பின்பக்க ஓடையில் நான் பிடுங்கிய கோரையும்தான் அவளுக்கு.

ஆக, உனக்கு அத்தனை வீராப்பாக எழுதினேனே, அதை எழுதும்போதே நான் உன்னைப் பாதி நம்பியிருந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று அவள் வயிற்றை வைத்துப் பந்தயம் கட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. என் வயிற்றை வைத்துக் கட்டினேன். தினமும் இரண்டு வேளை அந்த வேர்தான் தின்றேன். பள்ளி திறப்பதற்குள் உன் முன்னால் வந்து நின்று, 'பார், எனக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான். பிடிவாதத்துக்கு மருந்தில்லை என்பார்கள்.

இப்போது தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிகிறது. வாயில் காசை நக்கினாற்போல் ஒரு ருசி, தண்ணீர் குடித்தாலும் போகவில்லை. துடுப்பைப் பிடித்தால் கை நழுவுகிறது. அளவுகோலைப் படித்து எழுதுவதுகூட நேற்று முதல் சில்வண்டுதான். "அப்பா, ஒனக்கு என்ன பண்ணுது, சொல்லு" என்று பின்னாலேயே வருகிறாள். ஆற்றங்கரை ஆட்களிடமெல்லாம் மிதவையைத் தொட வேண்டாம் என்று படகுக்காரர் சொல்லிவிட்டார். அதைக் கம்பியால் துறையில் கட்டிப் போட்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பெரிய படகு வருகிறது. இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறோம். உன் காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று நினைக்காதே. எழுதத் தெரியவில்லை. நீ மாடியில் ஒற்றைக் காலோடு உட்கார்ந்திருக்க, நான் இங்கிருந்து நக்கல் செய்து எழுதிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் வயிற்று வலியே தேவலாம் போலிருக்கிறது.

அவளுடைய அப்பா


ஜூலை 14
பெரிய ஆஸ்பத்திரி, மேல் மாடி, ஆண்கள் வார்டு

கீழ்த்தளத்து எலும்பு வார்டு அம்மாவுக்கு,

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற தம்பதி உலகத்தில் நாம்தான். கால் கட்டு மாற்ற வந்த உன்னையும் இங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள், நேற்று சக்கர நாற்காலியில் மேலே தள்ளிக்கொண்டு வந்தார்கள். நேரில் பேசிப் பார்த்தோம். எதிலோ ஆரம்பித்து, இனி அவள் யாரிடம் இருப்பது என்ற சண்டையில் முடிந்தது பார்த்தாயா? பக்கத்துக் கட்டில் பெரியவர் நீ போனதும் என்னிடம், "தம்பி, ஒங்க ரெண்டு பேருக்கும் காது சரியா இருக்கு, வாய்க்குத்தான் வைத்தியம் பார்க்கணும்" என்றார். காகிதத்தில் மட்டும்தான் நாம் மனிதர்களாக இருக்கிறோம். அதனால் சில்வண்டைத் தபால்காரியாக வைத்துவிட்டேன். ஒரு கடிதத்துக்கு ஒரு பிஸ்கட் கூலியாம்.

எனக்குப் பரவாயில்லை. ரத்தத்தில் ஈயம் நிறைய என்று டாக்டர் திட்டினார். அடிக்கடி ஊசி போடுகிறார்கள். நீ சொன்னது அத்தனையும் சரி. இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நீர்வளத் துறையிலிருந்து ஆள் வந்தார். சதுப்பு நிலக் குடிசையை மூடிவிட்டார்களாம். உங்கள் கம்பெனிக்கும் மேலே, மலையடிவாரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. அங்கே அளவு பார்க்க என்னைப் போடுகிறார்கள். உடம்பு தேறியதும் போக வேண்டும். பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதாம். இதை ஏன் சொல்கிறேன் என்று நீ சண்டைக்கு வராதே, தகவல்தான்.

குழந்தையின் ரத்த முடிவு இன்றைக்கு வரும் என்றார்கள். உன்னிடம்தான் சொல்வார்கள். என்னவென்று எழுது. அந்த ஒரு வாரம் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. என் கையால் ஊட்டினேன். நன்றாக இருக்கிறது என்று இன்னும் கேட்டாள், இன்னும் கொடுத்தேன்.

அவளுடைய அப்பா


ஜூலை 14
கீழ்த்தளம்

சில்வண்டு அப்பாவுக்கு,

இதை ஒட்டித்தான் அனுப்புகிறேன். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

முடிவு வந்துவிட்டது. அவள் ரத்தத்திலும் இருக்கிறது. பதற வேண்டாம், உங்களுக்கு இருப்பதைவிடக் குறைவு, இறக்கிவிடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் உங்கள் நெஞ்சில் இருக்கிற கல்லை எடுத்து என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

டாக்டர் அவள் முழங்கால் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பு முனையில் வெள்ளையாக ஒரு கோடு. "இது ஒரு வாரத்துல வர்ற கோடு இல்லம்மா. ரொம்ப நாளா கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு. வீட்ல யாராவது ஈயத்துல வேலை பார்க்கறாங்களா?" என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். "வேலைத் துணியை எங்க துவைப்பீங்க?" என்றார்.

எங்கே துவைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். கம்பெனிச் சலவையில் அழுக்குப் போகாது என்று நான்தான் என் கோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவளுடைய பள்ளிச் சட்டையும் அதே வாளியில் ஊறும். அந்தக் கோட்டோடுதான் வாசலிலேயே அவளைத் தூக்குவேன். நான் ராத்திரி ஷிப்ட் போகும் நாட்களில் அவள் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவாள். அம்மா வாசனை அடிக்கிறது என்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். குளத்துக்கு வேலி போட்டு மாட்டைத் தடுத்தவள் நான். நீங்கள் கொடுத்த புல்லைத் தட்டிவிட வந்தவள் நான். படித்தவள், சோதனை செய்கிறவள். இத்தனை வருடமாக ஒரு நாள்கூட எனக்கு அது தோன்றவில்லை.

உங்கள் வயிற்று வலிக்கு அந்த மிதவைதான் காரணம், அதில் சந்தேகமில்லை. அவளுக்கு அந்த ஒரு வாரம் கொஞ்சம். மிச்சமெல்லாம் என் கையிலிருந்து போனது.

நேற்று உங்கள் கட்டிலருகே நான் போட்ட சண்டையை விட்டுவிடுங்கள். அவளை நீங்களே மேல் ஏரிக்கு அழைத்துப் போங்கள். அங்கேயே பள்ளியில் சேருங்கள். மலைத் தண்ணீரில் சம்பங்கோரை இருந்தால் குருத்தை உரித்துக் கொடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் வீட்டிலிருந்து எதையும் எடுத்துப் போக வேண்டாம். அவள் துணி, பாய், அந்தத் துணிப் பொம்மை, எதுவும் வேண்டாம். பொம்மையைக் கேட்டு அழுவாள். தொலைந்துவிட்டது, அம்மா தொலைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். வேலையை விடுகிறேன் என்று நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கால் ஊன்ற வந்ததும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கடையில் புதிதாக வாங்கிய துணியோடு வருகிறேன். அன்றைக்கு நான் வாசலில் நின்றால் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே கூப்பிடுங்கள்.

இப்போது ஆஸ்பத்திரித் துணியில் இருப்பதால் தொடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டில் விளிம்பில் என்மேல் சாய்ந்துகொண்டு, "எழுதி முடிச்சிட்டியாம்மா, இவ்ளோ நேரமா? அப்பா காத்துட்டிருப்பாரு" என்கிறாள். நான் முடித்துவிட்டேன். ஆனாலும் பேனாவை மூடாமல் எழுதுவது போலவே உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கையில் கொடுத்தால் அவள் மாடி ஏறிப் போய்விடுவாள்.